ஆரன் பர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆரன் பர் என்றதும் "ஹாமில்டனைச் சுட்டுக் கொன்றவர்தானே?" என்று கேட்பவர்கள்தான் அதிகம். ஆமாம், அமெரிக்காவின் முதல் நிதியமைச்சர் அலெக்சாண்டர் ஹாமில்டனைத் துப்பாக்கிச் சண்டையில் கொன்றவர் அவர்தான். ஆனால் அந்தக் குண்டு பாய்ந்தபோது அவருக்கு வயது 48. அதற்கு முன்னால் ஒரு போர், ஒரு வக்கீல் தொழில், ஒரு வங்கி, ஒரு விசித்திரமான தேர்தல். அதற்குப் பின்னால் ஒரு தேசத்துரோக வழக்கு, கடலோடு போன ஒரு மகள். இவரைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தவர்களுக்கு வழக்கமாக எழும் கேள்விகளை எடுத்துக்கொண்டு பதில் எழுதியிருக்கிறேன். சில பதில்கள் நீளம். அந்த இடங்களில் சொல்ல வேண்டியது அதிகம்.

சுருக்கமாகச் சொன்னால், யார் இவர்?

1756 பிப்ரவரி 6 அன்று நியூ ஜெர்சியின் நியூவார்க் நகரில் பிறந்தவர். அமெரிக்க விடுதலைப் போரில் லெப்டினன்ட் கர்னல். பிறகு நியூயார்க்கின் முன்னணி வக்கீல், மாநிலத்தின் அட்டர்னி ஜெனரல் (1789–91), செனட்டர் (1791–97), நாட்டின் மூன்றாவது துணை அதிபர் (1801–05). 1836 செப்டம்பர் 14 அன்று, 80 வயதில் காலமானார்.

இவரைப் புரிந்துகொள்ள எனக்கு உதவிய ஒரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பர் எதிலும் "எழுத்தில் என்ன இருக்கிறது?" என்று பார்க்கிற மனிதர். சட்டம் தடுக்காத இடத்தில் நடக்கலாம் என்று நினைப்பார். புதிதாகப் பிறந்த நாட்டில் சட்டங்களும் புதியவை, ஓட்டைகளும் நிறைய. அவர் வாழ்க்கையின் பெரிய சம்பவங்கள் பலவும் அந்த ஓட்டைகளில்தான் நடந்தன.

அவருடைய குடும்பம் எப்படிப்பட்டது?

பெரிய மதக் குடும்பம். தந்தையின் பெயரும் ஆரன் பர். இன்றைய பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் இரண்டாவது தலைவர். தாய் எஸ்தர், அந்தக் காலத்தின் புகழ்பெற்ற இறையியலாளர் ஜொனாதன் எட்வர்ட்ஸின் மகள்.

அடுத்து வந்தது வரிசையாகச் சாவு. 1757 செப்டம்பரில் தந்தை போனார். அவர் இடத்துக்கு வந்த தாத்தா எட்வர்ட்ஸ், அம்மைக்குத் தடுப்பாகப் போட்டுக்கொண்ட அம்மைப்பாலாலேயே 1758 மார்ச்சில் இறந்தார். ஏப்ரலில் தாய். அக்டோபரில் பாட்டி. ஓராண்டு சொச்சத்தில் நாலு பேர். மூன்று வயதுகூட ஆகாத பர்ரும் அக்கா சாராவும் அநாதைகள் ஆனார்கள். தாய்மாமன் திமொத்தி எட்வர்ட்ஸ்தான் வளர்த்தார்.

13 வயதில் பிரின்ஸ்டனில் சேர்ந்து 16 வயதில் பட்டம் வாங்கினார். கொஞ்ச காலம் இறையியல் படித்துப் பார்த்தார், பிடிக்கவில்லை. அக்காவின் கணவர் டாப்பிங் ரீவ் கனெக்டிகட்டில் பெயர் பெற்ற சட்ட ஆசிரியர். அவரிடம் சட்டம் படித்துக்கொண்டிருந்தபோது போர் வெடித்தது.

போரில் நிஜமாகவே சண்டையிட்டாரா, பெயருக்குக் கர்னலா?

நிஜமாகவே. 1775 செப்டம்பரில் பெனடிக்ட் ஆர்னால்ட் தலைமையில் சுமார் 1,100 பேர் மெய்ன் காடுகள் வழியாகக் கியூபெக்கைப் பிடிக்கப் புறப்பட்டார்கள். அதில் 19 வயது பர்ரும் ஒருவர். படகுகள் ஒழுகின, மாவு நனைந்து கெட்டது. பசி தாங்காமல் கூட வந்த நாயையும் செருப்புத் தோலையும் வேகவைத்துத் தின்றார்கள். ஒரு பிரிவு பாதியிலேயே திரும்பிப் போய்விட்டது. கியூபெக்கை எட்டியவர்கள் சுமார் 600 பேர்தான்.

டிசம்பர் 31 அதிகாலை, பனிப்புயலில் தாக்குதல். தளபதி ரிச்சர்ட் மான்ட்கோமெரி முன்னால் நடந்தார். அவருடைய உதவி அதிகாரியாகப் பர் பக்கத்திலேயே இருந்தார். எதிரே ஒரு காவல் வீட்டிலிருந்து பீரங்கி முழங்கியது. மான்ட்கோமெரி அங்கேயே விழுந்தார். மற்றவர்கள் பின்வாங்க, சிறிய உடல்வாகுள்ள பர் அந்தப் பெரிய உடலைப் பனியில் இழுத்துவர முயன்றார் என்று படையோடு போயிருந்த பாதிரியார் பின்னாளில் சொன்னார்.

1776 செப்டம்பர் 15 அன்று பிரிட்டிஷ் படை மன்ஹாட்டனில் இறங்கியபோது, தெற்கே மாட்டிக்கொண்ட ஒரு படைப்பிரிவை மறைவான பாதைகள் வழியாக வடக்கே ஹார்லெம் வரை பத்திரமாகக் கூட்டிவந்தார். 1778 ஜூனில் மான்மவுத் போரில் ஏறியிருந்த குதிரை சுடப்பட்டு விழுந்தது. அன்றைய கொடும் வெயிலில் வந்த தாக்கம் அவர் உடம்பை நிரந்தரமாகக் கெடுத்தது. 1779 மார்ச்சில் பதவி விலகினார்.

வாஷிங்டனுக்கும் இவருக்கும் ஒத்துப்போகவில்லை என்கிறார்களே?

1776-ல் படைத் தலைவர் ஜார்ஜ் வாஷிங்டனின் அலுவலகத்தில் சில நாட்கள் மட்டும் இருந்தார். உடனே ஜெனரல் இஸ்ரேல் புட்னமிடம் மாறிப் போய்விட்டார். இருவருக்கும் நடுவில் கடைசிவரை ஒரு குளிர்ச்சி இருந்தது. ஹாமில்டனோ வாஷிங்டனின் வலக்கை ஆனார். இருவரின் பாதையும் அங்கேதான் பிரிகிறது என்பேன்.

வக்கீலாக எப்படி?

கெட்டிக்காரர். 1782-ல் ஆல்பனியில் வழக்காடும் உரிமை பெற்றார். மூன்று ஆண்டு படிப்பு வேண்டும் என்பது விதி. போரில் போன காலத்தைக் காட்டி விலக்கு வாங்கினார். அவருடைய முதல் வழக்கு அவருக்காகவே வாதாடியதுதான் என்று சொல்லலாம். பிரிட்டனை ஆதரித்த பழைய வக்கீல்களுக்கு நியூயார்க் கோர்ட்டுகளில் தடை இருந்ததால், இளம் வக்கீல்களுக்கு வேலை குவிந்தது. பர்ரும் ஹாமில்டனும் ஒரே சமயத்தில் அந்த அலையில் மேலே வந்தார்கள். பல வழக்குகளில் எதிரெதிராக, சிலவற்றில் ஒரே பக்கமாக.

ஒரே பக்கம் நின்றதில் மறக்க முடியாதது 1800-ன் கொலை வழக்கு. குலியெல்மா சாண்ட்ஸ் என்ற இளம்பெண் 1799 டிசம்பர் 22 மாலை நியூயார்க்கில் தான் தங்கியிருந்த வீட்டை விட்டு வெளியே போனாள். ஜனவரி 2 அன்று ஊருக்கு வெளியே ஒரு கிணற்றில் பிணமாகக் கிடைத்தாள். அதே வீட்டில் குடியிருந்த தச்சர் லீவை வீக்ஸ் மீது பழி விழுந்தது. ஊரே அவனைத் தூக்கில் போடத் துடித்தது. அவனுக்காகப் பர், ஹாமில்டன், புரோக்ஹோல்ஸ்ட் லிவிங்ஸ்டன் என மூன்று பெரிய வக்கீல்கள். மார்ச் 31-ல் தொடங்கி நள்ளிரவு தாண்டியும் விசாரணை நடந்தது. யாரும் கொலையைப் பார்க்கவில்லை, எல்லாம் ஊர்ப்பேச்சு என்று வாதாடினார்கள். ஜூரி சில நிமிடங்களில் விடுதலை என்றது. வார்த்தைக்கு வார்த்தை பதிவான அமெரிக்காவின் முதல் கொலை விசாரணை இது என்பார்கள்.

அந்தக் கிணறு யாருடையது? பர் நிறுவிய தண்ணீர் கம்பெனிக்குச் சொந்தமானது.

தண்ணீர் கம்பெனியா? வங்கி ஆரம்பித்தார் என்றல்லவா படித்தேன்?

இரண்டும் ஒன்றுதான். 1798-ல் மஞ்சள் காய்ச்சல் நியூயார்க்கில் பலரைக் கொண்டுபோனது. கெட்ட தண்ணீர்தான் காரணம் என்று அப்போது நம்பினார்கள். சட்டமன்றத்தில் இருந்த பர், நல்ல தண்ணீர் கொண்டுவர ஒரு தனியார் கம்பெனி என்று திட்டம் கொண்டுவந்தார். நகராட்சியைச் சம்மதிக்கவைக்க ஹாமில்டனே உதவினார்.

அப்போது நகரில் இருந்த இரண்டு வங்கிகளும் ஹாமில்டனின் ஃபெடரலிஸ்ட் கட்சியின் செல்வாக்கில் இருந்தன. எதிர்க்கட்சியான ரிபப்ளிக்கன் கட்சிக்காரர்களுக்குக் (இன்றைய ரிபப்ளிக்கன் கட்சி வேறு) கடன் கிடைப்பது கஷ்டம். புதிய வங்கிக்கு நேரடியாக அனுமதி கேட்டால் சட்டமன்றம் தராது. அதனால் கம்பெனியின் சாசனத்தில், சட்டமன்றக் கூட்டம் முடியப்போகும் நேரத்தில், ஒரு வாக்கியம் நுழைந்தது: தண்ணீர் வேலைக்குப் போக மிஞ்சும் மூலதனத்தைச் சட்டத்துக்கு விரோதமில்லாத எந்தப் பணப் பரிவர்த்தனையிலும் போடலாம். மூலதனமோ 20 லட்சம் டாலர். 1799 ஏப்ரல் 2-ல் சட்டமானது, செப்டம்பரிலேயே வால் ஸ்ட்ரீட் 40-ஆம் எண்ணில் வங்கி திறந்தாயிற்று.

தண்ணீர்? பைன் மரக்கட்டைகளைக் குடைந்து குழாயாகப் பதித்தார்கள். தூரத்து நல்ல ஆற்று நீரைக் கொண்டுவராமல் ஊருக்குள்ளேயே கிணறு தோண்டினார்கள். நகரத்துக்கு ஒழுங்கான தண்ணீர் 1842-ல் குரோட்டன் கால்வாய் வந்த பிறகுதான் கிடைத்தது. பர்ரின் செயல்களில் எனக்கு மனம் ஒப்பாதது இதுதான். துப்பாக்கிச் சண்டையைவிட இதைத்தான் பெரிய தவறாக நினைக்கிறேன். தாகத்தைக் காட்டி வாங்கிய சாசனம் அது. வாக்காளர்களுக்கும் கோபம் வந்தது. அந்த ஆண்டுத் தேர்தலில் தோற்றார். வங்கி மட்டும் செழித்தது. 1955-ல் சேஸ் வங்கியோடு இணைந்து, இன்று ஜேபி மார்கன் சேஸ் என்ற பெயரில் இருக்கிறது.

1800 தேர்தலில் என்ன குழப்பம்?

அன்றைய அரசியல் சட்டப்படி, அதிபரைத் தேர்ந்தெடுக்க மாநிலங்கள் நியமிக்கும் ஒவ்வொரு தேர்வாளருக்கும் இரண்டு ஓட்டு. இது அதிபருக்கு, இது துணை அதிபருக்கு என்று பிரித்துப் போட வழியில்லை. அதிக ஓட்டு வாங்கியவர் அதிபர், அடுத்தவர் துணை. ரிபப்ளிக்கன் கட்சி ஜெஃபர்சனை அதிபராகவும் பர்ரைத் துணையாகவும் நினைத்து நிறுத்தியது. யாராவது ஒரு தேர்வாளர் பர்ருக்குப் போடாமல் விட்டிருந்தால் போதும். யாரும் விடவில்லை. இருவருக்கும் 73. தோற்ற ஃபெடரலிஸ்ட் கட்சி இதைச் சரியாகச் செய்திருந்தது: ஆடம்ஸுக்கு 65, பின்க்னிக்கு 64, ஒரு ஓட்டு ஜான் ஜேவுக்கு.

சமமானதால் பிரதிநிதிகள் சபை முடிவு செய்ய வேண்டும். மாநிலத்துக்கு ஒரு ஓட்டு, 16-ல் 9 வேண்டும். ஜெஃபர்சனை வெறுத்த ஃபெடரலிஸ்டுகள் பர்ருக்குப் போட்டார்கள். 1801 பிப்ரவரி 11-ல் முதல் சுற்று: ஜெஃபர்சன் 8, பர் 6, இரண்டு மாநிலங்கள் உள்ளுக்குள் சமமாகப் பிளந்து ஓட்டு இல்லை. மறுபடி மறுபடி அதே கணக்கு. மேரிலாந்து உறுப்பினர் ஜோசப் நிக்கல்சனுக்குக் கடும் காய்ச்சல். அவர் வராவிட்டால் மேரிலாந்து பர் பக்கம் போய்விடும். பனியில் அவரைத் தூக்கிக்கொண்டுவந்து பக்கத்து அறையில் படுக்கவைத்தார்கள். ஒவ்வொரு சுற்றிலும் படுத்தபடியே சீட்டில் ஜெஃபர்சன் பெயரை எழுதிக் கொடுத்தார். பிப்ரவரி 17-ல், 36-ஆம் சுற்றில், டெலவேரின் ஜேம்ஸ் பேயர்ட் உள்ளிட்ட ஃபெடரலிஸ்டுகள் விட்டுக்கொடுக்க, ஜெஃபர்சன் 10 மாநிலங்களோடு ஜெயித்தார்.

பர் "எனக்கு வேண்டாம்" என்று சொல்லியிருக்கலாமே?

சொல்லியிருக்கலாம். ஜெஃபர்சனுக்குப் போட்டியாக நிற்க மாட்டேன் என்று முதலில் ஒரு கடிதம் எழுதினார். ஓட்டு சமம் என்று தெரிந்த பிறகு, தேர்ந்தெடுத்தாலும் ஏற்க மாட்டேன் என்று வெளிப்படையாகச் சொல்ல மறுத்துவிட்டார். சபையில் சுற்றுக்கு மேல் சுற்று நடந்தபோது அவர் ஆல்பனியில் இருந்தார். ஃபெடரலிஸ்டுகளோடு பேரம் பேசினார் என்பதற்குச் சான்று இல்லை. ஒதுங்கினார் என்பதற்கும் இல்லை. அந்த மௌனத்துக்கு அவர் கொடுத்த விலை பெரியது: ஜெஃபர்சன் அதற்குப் பிறகு அவரை நம்பவே இல்லை. 1804-ல் வந்த 12-ஆம் திருத்தம் இரண்டு பதவிகளுக்கும் தனித்தனி ஓட்டு என்று ஓட்டையை அடைத்தது.

ஹாமில்டனை ஏன் சுட்டார்?

பகை பழையது. 1791-ல் ஹாமில்டனின் மாமனார் பிலிப் ஸ்கைலரைத் தோற்கடித்துத்தான் பர் செனட்டுக்குப் போனார். 1801-ல் பர் அதிபராகிவிடக் கூடாது என்று தன் கட்சிக்காரர்களுக்கே கடிதம் மேல் கடிதம் எழுதினார் ஹாமில்டன். 1804-ல் நியூயார்க் ஆளுநர் தேர்தலில் பர் நின்று தோற்றார். அந்தச் சமயத்தில் சார்ல்ஸ் கூப்பர் என்ற மருத்துவரின் கடிதம் ஒன்று ஆல்பனி பத்திரிகையில் வந்தது: பர்ரைப் பற்றி "இன்னும் இழிவான" ஒரு கருத்தை ஹாமில்டன் ஒரு விருந்தில் சொன்னார் என்று.

அது என்ன கருத்து என்று கூப்பர் எழுதவில்லை. ஜூன் 18 அன்று பர் விளக்கம் கேட்டு எழுதினார். தெளிவில்லாத ஒரு சொல்லுக்கு நான் எப்படிப் பதில் சொல்ல முடியும் என்று ஹாமில்டன் இலக்கணம் பேசினார். இரண்டு வக்கீல்கள் ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு நடத்திய கடிதப் போர் மூன்று வாரத்தில் துவந்த யுத்தத்தில் முடிந்தது. இருவர் எதிரெதிரே நின்று துப்பாக்கியால் மானத்தைத் தீர்த்துக்கொள்ளும் அன்றைய வழக்கம் அது.

அன்று காலை என்ன நடந்தது?

1804 ஜூலை 11. நியூயார்க்கிலிருந்து தனித்தனிப் படகுகளில் ஹட்சன் ஆற்றைக் கடந்து நியூ ஜெர்சியின் வீஹாக்கன் பாறைத் திட்டுக்குப் போனார்கள். துவந்த யுத்தம் சட்டவிரோதம் என்பதால் கைத்துப்பாக்கிகளைப் பெட்டிக்குள் வைத்து எடுத்துப் போனார்கள். படகோட்டிகளும் டாக்டர் டேவிட் ஹோசக்கும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். பின்னால் கோர்ட்டில் "நான் பார்க்கவில்லை" என்று சொல்ல வேண்டுமே.

பத்து தப்படி தூரம். ஹாமில்டன் மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். இரண்டு வெடிச்சத்தம். ஹாமில்டனின் குண்டு பர்ரின் தலைக்கு மேலே மரக்கிளையில் பட்டது. பர்ரின் குண்டு ஹாமில்டனின் வலது இடுப்புக்கு மேலே நுழைந்து ஈரலைத் துளைத்து முதுகெலும்பில் நின்றது. யார் முதலில் சுட்டார்கள் என்பதில் இரு தரப்பு சாட்சிகளும் கடைசிவரை ஒத்துப்போகவில்லை. முதல் குண்டை வீணாக்கப் போகிறேன் என்று ஹாமில்டன் முன்பே எழுதிவைத்திருந்தார். அது பர்ருக்குத் தெரிய வழியில்லை. விழுந்தவரை நோக்கிப் பர் ஓரடி எடுத்து வைத்தார். சண்டைக்கு அவரோடு துணையாக வந்திருந்த வில்லியம் வான் நெஸ், டாக்டர் கண்ணில் படாமல் குடையால் மறைத்து அவரைக் கீழே கூட்டிப்போனார். ஹாமில்டன் மறுநாள் பிற்பகல் இறந்தார்.

மூன்று ஆண்டுக்கு முன் ஹாமில்டனின் மூத்த மகன் பிலிப் இதேபோன்ற ஒரு சண்டையில்தான் செத்திருந்தான். துப்பாக்கி ஜோடி ஹாமில்டனின் சகலையுடையது. இன்று அது பர் தொடங்கிய வங்கியின் வாரிசான ஜேபி மார்கன் சேஸிடம் இருக்கிறது.

கொலைக்குத் தண்டனை இல்லையா?

நியூயார்க்கிலும் நியூ ஜெர்சியிலும் குற்றச்சாட்டு பதிவானது. எங்கும் விசாரணை நடக்கவில்லை. துணை அதிபராக அவர் தலைநகர் வாஷிங்டனுக்குத் திரும்பி, 1805-ல் நீதிபதி சாமுவேல் சேஸ் மீதான பதவி நீக்க விசாரணைக்குச் செனட்டில் தலைமை தாங்கினார். நேர்மையாக நடத்தினார் என்று எதிரிகளும் ஒப்புக்கொண்டார்கள். மார்ச் 2 அன்று விடைபெற்றுப் பேசியபோது செனட்டர்கள் சிலர் அழுதார்கள்.

தேசத்துரோகி என்பது உண்மையா?

கோர்ட் இல்லை என்றது. பதவி போன பிறகு பர் மேற்கே போய் ஆள் சேர்த்தார். ஸ்பெயினிடமிருந்து மெக்சிகோவைப் பிடிக்கவா, மேற்கு மாநிலங்களை அமெரிக்காவிலிருந்து பிரிக்கவா என்பதில் வரலாற்றாளர்கள் இன்றும் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. ஆளுக்கொரு கதை சொல்லியிருக்கிறார் மனிதர். கூட்டாளியான ஜெனரல் ஜேம்ஸ் வில்கின்சன் காட்டிக்கொடுத்தார். அந்த வில்கின்சனே ஸ்பெயினிடம் சம்பளம் வாங்கிய ஒற்றர் என்பது பிற்பாடு ஆவணங்களில் உறுதியானது.

1807-ல் பர் கைதாகி, வர்ஜீனியாவின் ரிச்மண்டில் தலைமை நீதிபதி ஜான் மார்ஷல் முன் நிறுத்தப்பட்டார். அதிபர் ஜெஃபர்சன் தண்டனை வாங்கியே தீருவது என்று நின்றார். அரசியல் சட்டம் சொல்வது: நாட்டுக்கு எதிராகப் போர் தொடுத்த வெளிப்படையான ஒரே செயலை இரண்டு சாட்சிகள் பார்த்திருக்க வேண்டும். அரசு காட்டிய செயல், 1806 டிசம்பர் 10-ல் ஒஹையோ ஆற்றில் பிளென்னர்ஹாசெட் என்பவரின் தீவில் ஆட்கள் கூடியது. அன்று பர் அங்கே இல்லை. மார்ஷல் சட்டத்தை அப்படியே பிடித்துக்கொண்டார். செப்டம்பர் 1-ல் ஜூரி, தங்கள் முன் வைத்த சான்றுகளால் குற்றம் நிரூபணமாகவில்லை என்றது.

பர் மீது எனக்கு எத்தனை சந்தேகம் இருந்தாலும் இந்தத் தீர்ப்பு சரி என்றே நினைக்கிறேன். அதிபருக்குப் பிடிக்காதவரையெல்லாம் துரோகி என்று தூக்கில் போட முடியாது என்பது அங்கே நிலைநாட்டப்பட்டது. அதிபரிடமிருந்தே ஆவணங்கள் கேட்டு மார்ஷல் சம்மன் அனுப்பினார். 1974-ல் அதிபர் நிக்சனின் ஒலிநாடா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை மேற்கோள் காட்டியது.

அடிமை முறை பற்றி அவர் நிலை என்ன?

1785-ல் நியூயார்க் சட்டமன்றத்தில், படிப்படியாக வேண்டாம், உடனே ஒழிக்க வேண்டும் என்றார், தோற்றது. அதே சமயம் வீட்டில் அடிமைகளை வைத்திருந்தார். இரண்டும் உண்மை.

இந்தியத் தொடர்பு உண்டு என்கிறார்களே?

மேரி எம்மன்ஸ் என்ற பெண் அவர் வீட்டில் வேலை செய்தார். அவர் கல்கத்தாவில் பிறந்தவர் என்பது சந்ததியினர் வழிவழியாகச் சொல்லிவருவது. அவருக்குப் பர் மூலம் லூயிசா சார்லட், ஜான் பியர் என இரண்டு பிள்ளைகள். ஜான் பியர் பர் ஃபிலடெல்ஃபியாவில் முடிதிருத்தும் தொழில் செய்துகொண்டே, தப்பிவந்த அடிமைகளுக்கு அடைக்கலம் கொடுத்தவர். பர் வம்சத்தினரின் சங்கம் 2018-ல்தான் இந்தப் பிள்ளைகளை முறைப்படி ஏற்றுக்கொண்டது. இருநூறு ஆண்டு தாமதம் என்றாலும், செய்தது நல்ல காரியம்.

மகளுக்கு என்ன ஆயிற்று?

1782-ல் தன்னைவிடப் பத்து வயது மூத்த விதவை தியோடோசியாவைப் பர் காதலித்து மணந்தார். மறு ஆண்டு பிறந்த மகளுக்கும் அதே பெயர். ஆண்பிள்ளைக்குக் கொடுக்கிற படிப்பை அவளுக்குக் கொடுத்தார்: லத்தீன், கிரேக்கம், பிரெஞ்சு, கணக்கு. 1794-ல் தாய் இறந்ததும் வீட்டின் தலைவி அவள்தான். 14 வயதில், அப்பா ஊரில் இல்லாதபோது, மொஹாக் பழங்குடித் தலைவர் ஜோசப் பிரான்டுக்கு விருந்து நடத்தினாள். ஹாமில்டனைச் சந்திக்கப் போகும் முந்தின இரவு பர் உட்கார்ந்து எழுதியது அவளுக்குத்தான்.

வழக்குக்குப் பிறகு நாலு ஆண்டு ஐரோப்பாவில் காசில்லாமல் அலைந்துவிட்டு 1812-ல் திரும்பினார். அந்த ஜூனில் பேரன் பத்து வயதில் இறந்தான். அப்பாவைப் பார்க்க, டிசம்பர் கடைசியில் தென் கரோலினாவிலிருந்து 'பேட்ரியட்' என்ற சிறு கப்பலில் ஏறினாள் தியோடோசியா. கப்பல் வரவே இல்லை. கடற்கொள்ளையர் கதைகள் பல உண்டு. புயலில் மூழ்கியிருக்கவே வாய்ப்பு அதிகம்.

கடைசிக் காலம்?

நியூயார்க்கில் மறுபடி வக்கீல் தொழில் பார்த்தார், கடனோடு. 1833-ல், 77 வயதில், பணக்கார விதவை எலைசா ஜூமலை மணந்தார். சில மாதங்களில் பிரிவு. எலைசா விவாகரத்து கேட்டார். அவருக்கு வக்கீலாக வந்தவர் அலெக்சாண்டர் ஹாமில்டன் ஜூனியர், சுடப்பட்டவரின் மகன். விவாகரத்து முடிவான அதே நாளில் ஸ்டேட்டன் தீவில் பர் இறந்தார்.

பிரின்ஸ்டன் கல்லறையில், அப்பாவும் தாத்தாவும் கிடக்கும் இடத்துக்குப் பக்கத்தில் புதைத்தார்கள். கல்லில் பிறந்த நாள், இறந்த நாள், புரட்சிப் படையில் கர்னல், 1801 முதல் 1805 வரை துணை அதிபர் என்று இருக்கிறது. வக்கீல் என்ற சொல் அதில் இல்லை.